ஸ்பிரிட் அடுப்பு எரிபொருளை விழுங்குகிறதா? முதலில் பாத்திரத்தின் அடியை அளந்து பாருங்கள்

கேள்வி: நான்கு நாள் மலை நடைப்பயணத்திற்காகக் குளிர்பான டின்னின் அடிப்பகுதியை வெட்டியெடுத்து, விளிம்புக்குக் கீழே சுற்றிலும் துளையிட்டு, ஸ்பிரிட் அடுப்பு ஒன்றை நானே செய்திருக்கிறேன். அதன்மேல் 750 மி.லி. கொள்ளும் டைட்டானியக் குவளையை நேரடியாக வைக்கிறேன்; குவளையின் அடி 9.5 செ.மீ. அகலம். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க 30 மி.லி. ஸ்பிரிட் முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. தீ பக்கவாட்டில் ஏறுவதால் கைப்பிடியையும் தொட முடியவில்லை. இரட்டைச் சுவர் அடுப்பாக மாற்றினால் சரியாகுமா? எரிபொருள் நீங்கலாக எல்லாம் 200 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

பதில்: அடுப்பை மட்டும் மாற்றினால் பெரிய பலன் இருக்காது. உங்கள் அடுப்பு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அது தரும் வெப்பத்தில் பெரும்பகுதி குவளையைத் தொடாமலே காற்றில் போகிறது. கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 20 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 167 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஸ்பிரிட்டின் பெரும்பகுதியான எத்தனால் ஒரு மி.லி. எரிந்தால் சுமார் 21 கிலோஜூல் கிடைக்கும். அப்படியானால் நீங்கள் எரித்த 30 மி.லி. தந்தது 630 கிலோஜூல். அதில் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது கால் பங்கைச் சற்றே தாண்டும். பாத்திரமும் காற்றுத் தடுப்பும் பொருத்தமாக அமைந்தால் பாதி வெப்பத்தைத் தண்ணீரில் சேர்க்க முடியும். அப்போது அதே வேலைக்கு 16 மி.லி. போதும். நாளைக்கு இரண்டு முறை, நான்கு நாட்களுக்குக் கொதிக்கவைப்பதாக வைத்துக்கொண்டால், மிச்சமாகும் எரிபொருள் 90 கிராமுக்குக் கொஞ்சம்தான் குறைவு. உங்கள் அடுப்பின் மொத்த எடையே 10 கிராமைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், அதில் இரண்டு கிராம் குறைப்பதற்காகக் கத்தரிக்கோலோடு போராடுவதில் பொருளில்லை.

வெப்பம் எங்கே தப்புகிறது என்று பார்ப்போம். வழக்கமான குளிர்பான டின்னின் குறுக்களவு 6.6 செ.மீ. உங்கள் குவளை 9.5 செ.மீ. அதாவது அடுப்பின் சுவரிலிருந்து குவளையின் ஓரம் வரை இருக்கும் தூரம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. பக்கத் துளை அடுப்பில் தீ நாக்குகள் வெளிப்புறமாகப் பாய்ந்துதான் பிறகு மேலே திரும்புகின்றன. அவை திரும்பும் இடத்தில் உங்கள் குவளையின் அடி ஏற்கெனவே முடிந்துவிட்டது. நீங்கள் கைப்பிடியில் உணரும் சூடு தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு. அதே அடுப்பின்மேல் 13 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தை வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 3.2 செ.மீ. இடம் கிடைக்கும்; அடிப்பரப்பும் 71 சதுர செ.மீ. என்பதிலிருந்து 133 ஆக, ஏறக்குறைய இரு மடங்காகக் கூடும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன: அடுப்பை வைத்துக்கொண்டு பாத்திரத்தை மாற்றலாம், அல்லது குவளையை வைத்துக்கொண்டு தீயின் அகலத்தைச் சுருக்கலாம். என் விருப்பம் முதல் வழி. 900 மி.லி. அளவில் அகலமும் குட்டையுமான டைட்டானியப் பாத்திரம் மூடியோடு 100 முதல் 120 கிராமுக்குள் கிடைக்கிறது. அலுமினியப் பாத்திரம் கொஞ்சம் கூடுதல் எடை. ஆனால் அது வெப்பத்தைப் பரப்பும் திறனில் டைட்டானியத்தைவிடப் பல மடங்கு மேல். தண்ணீர் மட்டும் கொதிக்கவைப்பவருக்கு இந்த வேறுபாடு அநேகமாகத் தெரியாது. பாத்திரத்திலேயே கெட்டியாக எதையாவது சமைப்பவர் டைட்டானியத்தை வாங்கினால், தீ படும் இடத்தில் வளையமாக அடிப்பிடிப்பதைப் பார்ப்பார். எந்த உலோகமாக இருந்தாலும் மூடி அவசியம். மூடாமல் கொதிக்கவைப்பவர் ஆவியாகப் போகும் வெப்பத்திற்கும் சேர்த்து எரிபொருள் சுமக்கிறார்.

குவளையை விட மனமில்லை என்றால், பக்கத் துளை அடுப்பைக் கைவிட்டு, 5 செ.மீ. வாயுள்ள சிறிய தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கார்பன் ஃபெல்ட்டை (தீயைத் தாங்கும் கரி இழைத் துணி) அளவாக வெட்டிச் சுருட்டி வைத்து, மேலே கம்பி வலைத் துண்டு ஒன்றை அழுத்திப் பொருத்தினால் போதும். ஃபெல்ட் ஸ்பிரிட்டை உறிஞ்சித் திரியாக வேலை செய்யும். டப்பா தவறிக் கவிழ்ந்தாலும் எரிபொருள் முழுதும் ஒரேயடியாகக் கொட்டிப் பரவாது. இந்த இரண்டாவது குணத்துக்காகவே இவ்வகை அடுப்பை மதிக்கிறேன். எரியும் வேகத்தை வாயின் பரப்பு தீர்மானிப்பதால், தீ சிறியதாகவும் நிதானமாகவும் குவளையின் நடுவிலேயே நிற்கும். கொதிக்கச் சில நிமிடங்கள் கூடுதலாகும், ஆனால் ஸ்பிரிட் குறையும். வேகமும் சிக்கனமும் இந்த அடுப்புகளில் ஒன்றாக வருவதில்லை.

இந்த டப்பா அடுப்பின்மேல் குவளையை நேரடியாக வைக்க முடியாது. வைத்தால் தீ மூச்சுத்திணறி அணைந்துவிடும். தடித்த கம்பி வலையை உருளையாக வளைத்துத் தாங்கியாக்குங்கள். அடுப்பு வாய்க்கும் குவளை அடிக்கும் இடையே 3 செ.மீ. இடைவெளியில் தொடங்கி, அரை செ.மீ. கூட்டியும் குறைத்தும் பாருங்கள். மிக நெருக்கமாக இருந்தால் தீ சரியாக எரியாமல் குளிர்ந்து, கண்ணையும் மூக்கையும் உறுத்தும் நெடி எழும். அது அரைகுறையாக எரிவதன் அடையாளம், கார்பன் மோனாக்சைடும் அப்போதுதான் கூடும். மிக விலகி இருந்தால் தீ நுனி குவளையைத் தொடுவதற்கு முன்பே காற்றோடு கலந்து சூடு இழக்கும்.

இரட்டைச் சுவர் அடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு டின் அடிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இடைச்சுவரில் ஸ்பிரிட்டை ஆவியாக்கி, மேல் விளிம்பிலுள்ள ஊசித் துளைகள் வழியாக நீல நாக்குகளாக வெளியேற்றுவது அதன் அமைப்பு. பார்க்க அழகாக இருக்கும். செய்து முடித்த பெருமையும் உண்டு. தீ மேல்நோக்கி எழுவதால் குறுகிய குவளைக்குப் பக்கத் துளை அடுப்பைவிடப் பொருந்தும் என்பதும் உண்மை. ஆனால் பையில் நசுங்கினால் இணைப்பு பிரிந்துகொள்ளும். பயணத்தின் நடுவில் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஸ்பிரிட் ஊற்றும் துளையை முழுவதும் அடைத்து அழுத்தத்தில் எரியவிடும் வகைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் பாத்திரத்தை மாற்றித் தற்போதைய அடுப்பு வகையையே வைத்துக்கொள்வதானால், இரண்டு திருத்தங்கள் தேவை. குளிர்பான டின்னின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம்தான், வெட்டிய விளிம்பு நிறைந்த பாத்திரத்தின்கீழ் வளைந்துவிடலாம். அதற்குப் பதிலாக, பூனை உணவு அடைத்து வரும் சிறிய அலுமினிய டின்னுக்கு விளிம்பு மடித்து உறுதியாக இருக்கும். காகிதத்தில் துளையிடும் சாதாரணப் பஞ்சிங் கருவியாலேயே அதில் 6 மி.மீ. துளைகளைப் போடலாம். துளைகளை விளிம்புக்கு அடுத்து ஒரு வரிசையும், அதற்குக் கீழே இடைமாற்றி இன்னொரு வரிசையுமாக அமையுங்கள். அடுத்தது, பற்றவைத்தவுடனே பாத்திரத்தை வைக்காதீர்கள். இருபது முப்பது வினாடிகள் திறந்த நிலையில் எரியவிட்டால் ஸ்பிரிட் சூடாகி ஆவி பெருகும்; அப்போது பாத்திரம் வாயை மூடியதும் தீ தானாகவே துளைகளுக்கு நகரும். அவசரப்பட்டால் அணைந்துபோகும். டின்னின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும் என்பதால், புதிய அடுப்பை முதல் சில முறை திறந்த வெளியில் வெறுமனே எரித்துவிடுவது நல்லது.

இனி காற்றுத் தடுப்பு. உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லாமலே எரிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஸ்பிரிட் தீ மிக மென்மையானது. இலேசான காற்றே அதைப் பாத்திரத்தின் அடியிலிருந்து ஒதுக்கித் தள்ளிவிடும். ஒருமுறை பயன்படுத்தும் அலுமினிய பேக்கிங் தட்டின் தகடு இதற்கு ஏற்றது. சமையலறை அலுமினியத் தாளானால் பல மடிப்பாக மடிக்க வேண்டும். பாத்திரத்தைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்குமாறு வளையமாக்கி, பாத்திரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கையாவது மறைக்கும்படி வெட்டுங்கள். காற்று நுழையும் துளைகளைக் கீழ்ப்பகுதியில், வளையத்தின் ஒரு பாதியில் மட்டும் போட்டு, அந்தப் பக்கத்தைக் காற்று வந்து மோதும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். இடைவெளி குறுகலாக இருப்பதால் சூடான புகை பாத்திரத்தின் பக்கச் சுவரை உரசிக்கொண்டு மேலேறும்; அடியில் தப்பிய வெப்பம் அங்கே இரண்டாம் முறை பிடிபடும். ஆனால் தடுப்பு அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் அடுப்பே சூடேறும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிப்பதால், தீ திடீரென்று பொங்கித் தடுப்புக்கு மேலே எட்டிப்பார்க்கும். அப்படி நேர்ந்தால் வளையத்தை ஒரு விரல் அகலம் தளர்த்துங்கள். அடுப்புக்குக் கீழேயும் தகட்டுத் துண்டு ஒன்று இருக்கட்டும். ஈரத் தரை அடுப்பைக் குளிரவைக்காது, காய்ந்த புல்லும் பற்றாது.

திருத்தம் பலன் தந்ததா என்று அறியக் கொதிநிலைவரை காத்திருக்கத் தேவையில்லை. கொதிக்கும் நேரத்தில் ஆவி போவதால் அளவும் குழம்பும். அரை லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் சரியாக 10 மி.லி. ஸ்பிரிட்டை ஊற்றி, அது தானாகத் தீரும்வரை எரியவிட்டு, தண்ணீரைக் கலக்கி மறுபடி அளவெடுங்கள். 50 டிகிரி ஏறியிருந்தால் பாதி வெப்பம் தண்ணீரில் சேர்ந்திருக்கிறது. 25 டிகிரி என்றால் கால் பங்குதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தால், இடைவெளியா, தடுப்பா, பாத்திரமா, எது எவ்வளவு உதவியது என்பது ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும்.

எரிபொருளில் எத்தனால் அதிகமுள்ள மெத்திலேட்டட் ஸ்பிரிட்டே (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்து விற்கும் எத்தனால்) சிறந்தது. மெத்தனால் சுத்தமாக எரிந்தாலும், மி.லி.க்குச் சுமார் 16 கிலோஜூல்தான் தரும். அதோடு அது கடும் நஞ்சு. குடித்தால் பார்வை பறிபோகும், உயிரும் போகலாம். ஆவியாகவும் தோல் வழியாகவும்கூட உடலில் சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் வெப்பம் உண்டு, ஆனால் மஞ்சள் தீயோடு கரி படியவைக்கும். கை சுத்திகரிப்பு ஜெல்லும் 70 சதவீத மருத்துவ ஸ்பிரிட்டும் தண்ணீர் கலந்தவை. அவசரத்துக்கு எரியும், அவ்வளவே. எதை எடுத்துச் சென்றாலும், குடிநீர்ப் பாட்டிலோடு குழம்பாத வடிவமுள்ள பாட்டிலில், பெயரெழுதி வையுங்கள்.

உயரமான இடங்களில் இரண்டு மாற்றங்களை எதிர்பார்க்கலாம். எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை 13 டிகிரியை ஒட்டியது. அதற்குக் கீழே குளிர்ந்த ஸ்பிரிட் தீக்குச்சிக்குச் சுலபமாக மசியாது. நன்றாக மூடிய சிறு பாட்டிலைச் சட்டையின் உள்பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பிரச்சினை தீரும். 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஸ்பிரிட் மிச்சம், ஆனால் உணவு வேக நேரமாகும். அலுமினியப் பூச்சுள்ள குமிழித் தாளால் பாத்திரத்துக்கு உறையும் மூடியும் தைத்துக்கொண்டால், கொதித்ததும் இறக்கி அதற்குள் வைத்துவிடலாம். எடை 20 கிராம் அளவில்தான் வரும். தீயைக் குறைத்து வைக்கும் வசதி இல்லாத அடுப்புக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

உங்கள் எடை வரம்பைப் பார்த்தால், பாத்திரம் 110, அடுப்பு 10, தடுப்பு 25, உறை 20, பாட்டில் 20 என்று 185 கிராமில் முடிகிறது. தனியாளுக்கு இந்த ஏற்பாடு எரிவாயு அடுப்பைவிட இலேசானது. நாளுக்கு 25 கிராம் ஸ்பிரிட் வீதம் கூடுவதால், எட்டு ஒன்பது நாள் பயணத்தில் அந்த இலாபம் கரைந்துவிடும்; இருவருக்குச் சமைத்தால் நான்கைந்து நாளிலேயே கரையும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் பாய்ந்து பீறிடும், எதிரில் இருப்பவர்தான் எரிவார். ஆகவே காய்ந்த புல் ஒன்றை மேலே நீட்டிப் பார்த்து, அடுப்பு கைக்கு ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். பற்றவைக்கும் முன் பாட்டிலை மூடித் தள்ளி வைக்க வேண்டும். அணைப்பதற்கு அடுப்பைவிடப் பெரிய டின் ஒன்றைக் கவிழ்த்தால் போதும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் எரியும் ஸ்பிரிட் பரவத்தான் செய்யும். கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. வால்வைத் திருகி உடனே அணைக்க இயலாத அடுப்புகளைக் காட்டுத்தீ அபாயக் காலத்தில் பல வனப்பகுதிகளில் தடைசெய்கிறார்கள் என்பதால், கிளம்பும் முன் அந்தப் பகுதியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் போவதானால் ஸ்பிரிட்டைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. இறங்கிய இடத்தில் எங்கே கிடைக்கும் என்பதை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.