பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! (கரண்ட் கேள்வி பதில்)

கரண்டைக் கம்மியா இழுக்கற சாமானுக்கு மாறினா கரண்ட் கம்பெனி திருப்பித் தர்ற காசுக்குப் பேரு ரிபேட். போன இதழ்ல ஆபீஸ், அரசுக் கட்டடங்களுக்குக் கிடைக்கற அந்த ரிபேட் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளே இந்த மாசப் பக்கத்தை ரொப்பிடுச்சு. வீட்டு ஃப்ரிட்ஜ் பத்திக் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்.

கேள்வி: கரண்ட் விக்கறதுதான் அவங்க தொழிலே. அதைக் கம்மியா யூஸ் பண்ணுங்கன்னு சொல்லி நமக்குக் காசும் தராங்கன்னா எங்கயோ இடிக்குதே சார், இதுல என்ன உள்குத்து?
(ஆபீஸ் கட்டட மேனேஜர்)

பதில்: உள்குத்தெல்லாம் இல்லைங்க, வெறும் கணக்குதான். வருஷத்துல சில நாள், அந்த நாள்லயும் சில மணி நேரம்தான் எல்லாரும் ஒண்ணா ஏசியைப் போட்டு லோடு உச்சிக்கு ஏறும், ஆனா அந்த சில மணி நேரத்துக்காக பவர் பிளான்ட், சப்ஸ்டேஷன், லைன் எல்லாத்தையும் பெருசா கட்டி வைக்கணும், மீதி நேரம் அதுல ஒரு பங்கு சும்மாதான் கிடக்கும். அப்படிக் கட்டறதை விட உங்க கட்டடத்துல லோடைக் குறைக்கக் காசு கொடுக்கறது மலிவுன்னா கொடுத்துட்டுப் போறாங்க.

அதுக்காக எல்லா கம்பெனியும் ஆசை ஆசையா கொடுக்குதுன்னு நினைக்காதீங்க, பல இடத்துல கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஆணையம் (ரெகுலேட்டர்) தலைல குட்டறதாலதான் கொடுக்குது. 1970கள்ல எண்ணெய் நெருக்கடி வந்து ஆட்டிப் படைச்சப்புறம், அமெரிக்கால 1978-ல ஒரு சட்டம் போட்டு, கரண்ட் கம்பெனிங்க வீடுகளுக்கு எனர்ஜி ஆடிட் பண்ணித் தரணும்னாங்க. ஆனா யூனிட் குறைஞ்சா கம்பெனிக்கு நஷ்டம்கற சிக்கல் அப்படியே இருந்துச்சு. கலிஃபோர்னியா 1982-ல அந்த முடிச்சை அவுக்க ஆரம்பிச்சது, அதாவது கம்பெனிக்கு இவ்வளவு வருமானம்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க, விற்பனை குறைஞ்சா அடுத்து ரேட்டைக் கொஞ்சம் ஏத்தி ஈடு கட்டிக்கலாம், கூடிட்டா திருப்பித் தரணும். அதுக்கப்புறம் நீங்க மிச்சம் பிடிச்சா அவங்களுக்கு வயித்தெரிச்சல் இல்ல.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கோங்க, இந்த ரிபேட் பணம் பெரும்பாலும் எல்லா கஸ்டமர் பில்லுலயும் கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சதுதான். நீங்க கட்டின காசு, கேட்டு வாங்கலைன்னா பக்கத்து கட்டடத்துக்குப் போயிடும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல 400 டியூப்லைட்டைப் போன மாசம்தான் எல்ஈடியா மாத்தினோம். இப்பத்தான் ரிபேட் இருக்குன்னே தெரியுது. பில்லு பத்திரமா இருக்கு, கிடைக்குமா?
(அக்கவுன்ட்ஸ் பிரிவுல இருந்து ஒருத்தர்)

பதில்: எந்த வகை ரிபேட்ங்கறதைப் பொறுத்துதான். ஒரு லைட்டுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே அட்டவணை போட்ட வகைன்னா, மாட்டினப்புறம் இத்தனை நாளுக்குள்ள அப்ளை பண்ணுன்னு விட்டு வைக்கற திட்டங்கள் உண்டு, உடனே ஓடிப் போய்க் கேளுங்க. ஆனா எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட்டுத் தர்ற வகை, அதைத்தான் கஸ்டம்னு சொல்வாங்க, அதுல பொதுவா முதல்ல அப்ரூவல், அப்புறம்தான் பர்ச்சேஸ் ஆர்டர். ஏன்னா ரிபேட் இல்லாமலே மாத்தியிருக்கப் போற ஆளுக்குக் காசு கொடுத்தா அது வீண் செலவு, அப்படிப்பட்டவங்களை அந்தத் தொழில்ல ஃப்ரீ ரைடர்னு சொல்வாங்க. நீங்க ஏற்கனவே மாட்டிட்டு வந்து நிக்கறப்ப, பாவம், உங்க நெத்திலயே அந்தப் பேரு ஒட்டியிருக்கு.

உங்க கணக்கையே பாருங்க. நாலடி டீ8 டியூப் 32 வாட், புது எல்ஈடி 15 வாட்டுன்னு வைங்க, ஒண்ணுக்கு 17 வாட் மிச்சம், 400-க்கு 6.8 கிலோவாட், வருஷம் 3000 மணி நேரம் எரிஞ்சா 20,400 யூனிட். நல்லா இருக்குல்ல? இப்ப ஃபைலைப் பாக்கறவர் ரெண்டே ரெண்டு கேள்வி கேப்பார், பழசு 32 வாட்டுதான்னு எப்படித் தெரியும், 3000 மணி நேரம்னு யார் சொன்னது? பழைய டியூபும் சோக்கும் குப்பைக்குப் போயிருச்சுன்னா பதில் கிடையாது. ஏணி போட்டு ஏறி, ஃபிட்டிங்கைத் திறந்து, சோக் மேல இருக்கற ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்திருந்தா முதல் கேள்வி முடிஞ்சது. லைட் எத்தனை மணி நேரம் எரியுதுன்னு குறிச்சு வைக்கற தீப்பெட்டி சைஸ் லாகர் இருக்கு, அதை ரெண்டு மூணு வாரம் ஒட்டி வச்சிருந்தா ரெண்டாவதும் முடிஞ்சது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்கல்ல, அதுவேதான்.

நானும் சூடு பட்டவன்தான். ஒரு கட்டடத்துக்குப் பம்ப் மாத்தற வேலை, எல்லா ரீடிங்கும் அழகா எடுத்து வச்சிருந்தேன், அப்ரூவல் லெட்டர்ல வியாழக்கிழமை தேதி, எங்காளு அவசரப்பட்டு அனுப்பின பர்ச்சேஸ் ஆர்டர்ல அதே வாரம் திங்கக்கிழமை தேதி. மூணு நாள்தான் வித்தியாசம், மொத்த ரிபேட்டும் போச்சு, எவ்வளவு கெஞ்சியும் நடக்கல. இன்னொரு தடவை லைட்டோட மாடல் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து மாறியிருந்துச்சு. எனர்ஜி ஸ்டார், டிசைன்லைட்ஸ் கன்சார்ட்டியம் மாதிரி, தகுதியான மாடல்களை வரிசைப்படுத்தி வச்சிருக்கற லிஸ்டைப் பாத்துக் காசு தர்ற திட்டத்துல அந்த ரெண்டு எழுத்து மாறினா அது வேற சாமான்.

கேள்வி: ஏசி காத்து ஃபேனுக்கெல்லாம் விஎஃப்டி போட்டா பாதி செலவு ரிபேட்லயே வந்துடும்னு கான்ட்ராக்டர் சொல்றார். நம்பலாமா?
(ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்)

பதில்: விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தைத் தேவைக்கேத்த மாதிரி கூட்டிக் குறைக்கற கருவி, நல்ல சாமான்தான், அதுல சந்தேகமே வேணாம். ஃபேன் வேகத்தை 100-ல இருந்து 80-க்கு இறக்கினா கரண்ட் 80-க்கு இறங்காது, கிட்டத்தட்ட 51-க்கு இறங்கிடும், ஏன்னா வேகத்தோட கனத்துல (0.8 × 0.8 × 0.8 மாதிரி) பவர் ஏறி இறங்கும். ஆனா வேகம் குறையறதுக்கு அங்க இடம் இருக்கணுமே! ஆபரேஷன் தியேட்டர் மாதிரி காத்து எப்பவும் இவ்வளவு வந்தே ஆகணும்கற இடத்துல, ஃபேனும் ஏற்கனவே சரியான சைஸ்ல முழு வேகத்துல ஓடுதுன்னா, விஎஃப்டி தன் பங்குக்கு ரெண்டு மூணு சதவீதம் கரண்ட்டைத் தின்னும், வேற லாபம் பெருசா இருக்காது.

ஒரு பிளான்ட் ரூம்ல பாத்தேன், ரிபேட்ல வாங்கின விஎஃப்டி வரிசையா அஞ்சு, பளபளன்னு. டிஸ்ப்ளேல அஞ்சுலயும் 50.0 ஹெர்ட்ஸ், அதாவது ஃபுல் ஸ்பீடு, செலக்டர் சுவிட்ச் 'ஹேண்ட்'ல, அதாவது தானா வேகம் மாறாதபடி. என்னப்பான்னு ஆபரேட்டரைக் கேட்டா, "மேல் மாடில புழுங்குதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சு சார், அப்ப மாத்தினது" அப்படிங்கறார். எப்பன்னா ஒன்றரை வருஷம் முன்னாடி. எவ்வளவு வேகம் வேணும்னு விஎஃப்டிக்குச் சொல்ற, டக்ட்ல இருக்கற பிரஷர் சென்சாரோட வயர் பிஞ்சு தொங்குது, யாரோ அதை டேப் போட்டு சுத்தி வச்சிருக்காங்க. அதனால கான்ட்ராக்டர்கிட்ட ரிபேட் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, சென்சார் கெட்டா யாரு வந்து பாப்பாங்கன்னு கேளுங்க.

இன்னொண்ணு, போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்னு ரிபேட்டைக் கழிக்காம முதல்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. ரிபேட் வந்தாத்தான் தேறும்கற வேலையை நான் தொட மாட்டேன். ரிபேட் வரும், வராமலும் போகும், திட்டத்துக்கு ஒதுக்கின பணம் வருஷ நடுவுலயே தீந்து போறதும் சகஜம். ரெண்டே ரெண்டு ஃபேன்னா இன்னும் யோசிங்க, சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும், ஃபாரம் நிரப்பறவருக்கும் சம்பளம் கொடுக்கணும்ல.

கேள்வி: எங்களது அரசு அலுவலகம். முதலீட்டுக்கு பட்ஜெட் கிடையாது, மிச்சம் பிடிச்சா அடுத்த வருஷ ஒதுக்கீட்டைக் குறைச்சுடுவாங்க, வரியே கட்டாததால வரிச்சலுகையும் பயனில்ல. நாங்க என்னதான் பண்றது?
(பொறியாளர் ஒருவர்)

பதில்: உங்க கேள்விலதான் உண்மையான வலி இருக்கு. மிச்சம் பிடிச்சவனுக்கே தண்டனைன்னா யாரு மிச்சம் பிடிப்பா?

முதலீடு இல்லைங்கறதுக்கு எஸ்கோ வழி இருக்கு. எனர்ஜி சர்வீஸ் கம்பெனி தன் காசைப் போட்டோ கடன் புரட்டியோ வேலையை முடிச்சுக் கொடுக்கும், கரண்ட் பில்லுல மிச்சமாகறதுல இருந்து வருஷா வருஷம் எடுத்துக்கும். அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்கள்ல இப்படி 25 வருஷம் வரைக்கும் ஒப்பந்தம் போட சட்டத்துலயே இடம் இருக்கு. மிச்சம் உண்மையிலயே வந்துச்சான்னு அளக்கற முறைதான் இதுக்கு உயிர், அதுக்கு ஐபிஎம்விபின்னு சர்வதேச வழிமுறை ஒண்ணு, ஏ பி சி டின்னு நாலு வழி. ஒரே ஒரு அளவை மட்டும் அளந்து மத்ததை ஒத்துக்கறது ஏ, மாத்தின மிஷினோட எல்லா அளவையும் எடுக்கறது பி, மொத்தக் கட்டட மீட்டரைப் பாக்கறது சி, கம்ப்யூட்டர் மாடல் போடறது டி. கம்பெனிக்காரர் ஏ-தான் சுலபம்பார், அதுல அளக்காம ஒத்துக்கற மணி நேரத்தை யார் எழுதறாங்கன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க. ரிபேட் வந்தா அது உங்களுக்கா எஸ்கோவுக்கான்னும் ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிடுங்க, பின்னாடி சண்டை வர்ற இடம் அதுதான்.

வரிச்சலுகைக்கும் சில நாட்டுல வழி கண்டுபிடிச்சிருக்காங்க. அமெரிக்க வரிச் சட்டத்துல 2005-ல வந்த, கரண்ட் மிச்சம் பிடிக்கற கட்டடத்துக்கான 179டி பிரிவுல, அரசுக் கட்டடம்னா அந்த வரிச்சலுகையை டிசைன் பண்ணின ஆர்க்கிடெக்ட்டுக்கோ இன்ஜினியருக்கோ எழுதிக் கொடுக்கலாம், அதைக் காட்டி டிசைன் ஃபீஸ்ல பேரம் பேசினவங்க உண்டு. ஆனா 2026 ஜூன் 30-க்கு அப்புறம் ஆரம்பிக்கற கட்டடத்துக்கு அது கிடையாதுன்னு 2025-லயே சட்டம் போட்டுட்டாங்க, பாத்துக்கோங்க.

ஒதுக்கீட்டைக் குறைக்கற விஷயத்துக்கு டெக்னிக்கல் மருந்து கிடையாது. மிச்சத்துல ஒரு பங்கை அந்த அலுவலகமே வச்சுக்கலாம்னு மேல இருந்து எழுத்துல ஒரு ஆர்டர் வரணும்.

கேள்வி: சுவிட்ச் போர்டுல சொருகினா பவர் ஃபேக்டர் சரியாகி பில்லு பாதியாகும்னு ஒரு பெட்டி விக்கறாங்களே?
(கடைக்காரர்)

பதில்: வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நாங்க வாடகைக்கு இருக்கோம். ஏசி ஓனரோடது, கரண்ட் பில்லு எங்களது. ரிபேட் யாருக்கு?
(சின்ன கம்பெனி நடத்தறவங்க)

பதில்: பொதுவா யார் பேர்ல கனெக்‌ஷனோ அவங்கதான் அப்ளை பண்ணணும், மிஷின் ஓனரோடதுன்னா அவர் கையெழுத்தும் கேப்பாங்க. பிரச்சினை அதில்ல, காசு போடறது அவரு, மிச்சமாகறது உங்களுக்கு, அவர் எதுக்கு மாத்துவாரு? அதனால ரிபேட்டை அவருக்கே விட்டுக் கொடுத்துட்டு, பில்லுல மிச்சமாகறதுல ஒரு பங்கை வாடகையோட சேத்துத் தரேன்னு பேசிப் பாருங்க.

கேள்வி: எல்லாம் ஒழுங்கா பண்ணி ரிபேட்டும் வாங்கிட்டோம், பில்லு மட்டும் குறையவே இல்ல. ஏமாந்துட்டோமா?
(கல்லூரி நிர்வாக அலுவலர்)

பதில்: நீங்க அனுப்பின ரெண்டு பில்லையும் பாத்தேன். யூனிட் குறைஞ்சுதான் இருக்கு, ஆனா டிமாண்ட்னு தனியா ஒரு வரி இருக்கு பாருங்க, அது ஏறியிருக்கு. மாசத்துல எந்த 15 நிமிஷமோ அரை மணி நேரமோ உங்க லோடு அதிகமா இருந்துச்சோ, அதுக்குத்தான் மாசம் முழுக்கக் காசு. லீவு முடிஞ்சு திறக்கற அன்னிக்கு கட்டடமே சூடேறிக் கிடக்கும், ஏசிக்குத் தண்ணியைக் குளிர வைக்கற சில்லர் மிஷின் எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணியிருப்பாங்க, மாசம் முழுக்கச் சேத்த மிச்சத்தை அந்த ஒரு காலை நேரம் முழுங்கியிருக்கும். ஒண்ணை ஓட விட்டு, கட்டடம் கொஞ்சம் ஆறினதும் அடுத்ததைப் போடச் சொல்லுங்க, இதுக்கு யார் ரிபேட்டும் வேணாம். அடுத்த பில்லோட மீட்டர்ல இருந்து அரை மணிக்கு ஒண்ணா எடுத்த லோடு ரீடிங்கையும் அனுப்புங்க, காலைல 8 மணிக்குக் கோடு செங்குத்தா ஏறுதான்னு பாத்துட்டுச் சொல்றேன்.