பெயர் ஒன்று, வலையமைப்பு இரண்டு: கைப்பேசிக்குக் கணினி தெரியாமல் போவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஃபைபர் இணைப்பின் பெட்டி இருக்கிறது. மாடிக்கு சிக்னல் எட்டாததால் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறேன். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளட்டும் என்று இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைத்தேன். மாடியில் உள்ள விண்டோஸ் 11 மடிக்கணினியில் குடும்ப வீடியோக்கள் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்து, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஃபைல் மேனேஜர் செயலி வழியாகத் திறக்கப் பார்க்கிறேன். மாடியில் இருக்கும்போது பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் கணினியைத் திறக்கும் அதே எண்ணைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. கீழே வந்துவிட்டால் கணினியே தெரிவதில்லை. இணையம் மட்டும் இரண்டிலும் நன்றாக ஓடுகிறது. கோளாறு எங்கே?

பதில்: ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ஒன்று கீழ்த்தளத்தில், இன்னொன்று மாடியில். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பமாக இருக்கிறது.

இணையம் ஓடுகிறது என்பதை முதலில் மறந்துவிடுங்கள். கைப்பேசிக்கும் வெளியுலகத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. வீட்டுக்குள்ளேயே கைப்பேசியும் கணினியும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்பது வேறு கேள்வி. வைஃபை பெயரும் அப்படித்தான். ஒரே பெயர்ப்பலகை மாட்டியதால் இரண்டு கடைகள் ஒரே கடை ஆகிவிடுவதில்லை. நம்ப வேண்டியது ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்ணை மட்டும்தான்.

அதைப் பார்ப்பது எளிது. மடிக்கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் வலையமைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்தால், கீழ்ப்பகுதியில் ஐபிவி4 முகவரி இருக்கும். கைப்பேசியில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் அதன் முகவரி தெரியும். மடிக்கணினி மாடியிலேயே இருக்கட்டும், கைப்பேசியை மட்டும் கீழ்த்தளத்தில் வைத்துப் பாருங்கள். கணினியில் 192.168.0.5 என்றும் கைப்பேசியில் 192.168.1.7 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கவனிக்க வேண்டியது மூன்றாவது எண். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே வலையமைப்பு. உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது எண் வேறுபடும் என்பது என் கணிப்பு.

மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு வலையமைப்பை உருவாக்கி, தன் பின்னால் இருக்கும் கருவிகளை மறைத்து வைக்கிறது. உள்ளிருந்து வெளியே போகும் கோரிக்கையை அனுமதிக்கும்; வெளியிலிருந்து தானாக வருவதைத் தடுத்துவிடும். அதன் கணக்கில் கீழ்த்தளப் பெட்டியும் ‘வெளி’தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்கு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் பதில் வந்துவிடும். கைப்பேசியிலிருந்து கணினிக்கு வழி கிடைக்காது. பிங் ஓடுகிறதே என்று திருப்திப்பட்டு, ஃபோல்டர் அமைப்பை நாள் முழுக்கக் குடைகிறவர்கள் உண்டு. முகவரியை முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தீர்வு, மாடி ரவுட்டரை ரவுட்டராக வேலை செய்யவிடாமல் வெறும் வைஃபை பரப்பும் கருவியாக்குவது. அதன் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய மாடல்களில் அது இருக்காது. அப்போது கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். முதலில் மாடி ரவுட்டரின் சொந்த முகவரியை, கீழ்ப்பெட்டியின் எண் வரிசையில் யாருக்கும் போகாத ஒன்றாக மாற்றுங்கள். கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், கீழ்ப்பெட்டி மற்ற கருவிகளுக்கு வழங்கும் எண்களுக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி வசதியை நிறுத்துங்கள். கடைசியாகக் கேபிளை ‘வான்’ (WAN) என்ற துளையிலிருந்து கழற்றி ‘லான்’ (LAN) துளை ஒன்றில் செருகுங்கள். டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால், உள்ளே நுழைய உங்கள் கணினிக்கு முகவரி கிடைக்காமல் போகலாம். ரீசெட் செய்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். புதிய முகவரியை ஒரு சீட்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஒரே பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கட்டும். இனி அது நீங்கள் நினைத்த வேலையைச் செய்யும்.

இப்போது மாடியில் நடப்பது. அங்கே கணினி தெரிகிறது, பாஸ்வேர்டும் கேட்கிறது என்றால் வலையமைப்பில் பழுதில்லை. கதவு வரை வந்துவிட்டீர்கள். நீங்கள் தினமும் கொடுக்கும் எண் ‘பின்’ எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பின் அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டுமே. ஷேர் செய்த ஃபோல்டரைத் திறக்க அது செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும் கொடுக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. மின்னஞ்சல் பாஸ்வேர்டை ஒரு ஃபைல் மேனேஜர் செயலியிடம் எதற்கு ஒப்படைக்க வேண்டும்? கணினியின் அக்கவுன்ட்ஸ் பகுதியில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத புதிய உள்ளூர்ப் பயனர் ஒருவரைச் சேர்த்து, அதற்கென ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு வீடியோ ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’, ‘கிவ் ஆக்சஸ் டு’, ‘ஸ்பெசிஃபிக் பீப்பிள்’ என்று போய், அந்தப் பயனருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் வீடியோக்கள் தவிர வேறெதற்கும் ஆபத்தில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கணினி தெரியவில்லை என்றால், முகவரி பார்த்த அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பப்ளிக் நிலையில், ரயில் நிலைய வைஃபையில் இருப்பதாக எண்ணி விண்டோஸ் தன்னை மறைத்துக்கொள்ளும். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கும் சொந்த ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல்) இருக்கக்கூடும். அங்கேயும் இதே மாற்றம் தேவைப்படலாம். கைப்பேசியின் மேல்பட்டையில் சாவிக் குறி தெரிந்தால் விபிஎன் (கைப்பேசியின் இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பும் வசதி) ஓடுகிறது என்று பொருள். விளம்பரத் தடுப்புச் செயலிகள் சிலவும் விபிஎன்னாகவே வேலை செய்கின்றன. நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது எண் ஒன்றாகவே இருந்தும் தொடர்பு இல்லையா? இப்போது பிங் உதவும். கைப்பேசித் திரையை அணையவிடாமல், மடிக்கணினியிலிருந்து அதன் முகவரிக்கு பிங் அனுப்புங்கள். ஒழுங்கான பதில் வந்தால் ரவுட்டரில் தடையில்லை, கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், ரவுட்டரே கருவிகளைப் பிரித்து வைத்திருக்கக்கூடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அந்த வரியும் ‘ரிப்ளை ஃப்ரம்’ என்றே தொடங்கும்; கடைசியில் விண்டோஸ் ‘லாஸ்ட் 0’ (எதுவும் தொலையவில்லை) என்று கணக்குக் காட்டும். பதில் சொன்ன முகவரியைப் பாருங்கள், அது உங்கள் கணினியின் முகவரியாகவே இருக்கும். ரவுட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்ற அமைப்பை அணையுங்கள். கைப்பேசி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான்.

இணையத்தில் தேடினால் இரண்டு குறுக்குவழிகள் கண்ணில் படும். ஒன்று, ஃபயர்வாலை நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்வது. இன்னொன்று, எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபோல்டர் பகிர்வு முறையை மீண்டும் இயக்கச் சொல்வது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பி 1 முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. எஸ்எம்பி 1 இல்லாமல் உங்கள் ஃபைல் மேனேஜர் ஓடாது என்றால் செயலியை மாற்றுங்கள், விண்டோஸை மாற்றாதீர்கள்.

கணினி சில நாள் கழித்து மறுபடி காணாமல் போனால் பதறாதீர்கள். அதன் முகவரி மாறியிருக்கும். கீழ்ப்பெட்டியின் டிஹெச்சிபி பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ வழியாக மடிக்கணினிக்கு ஒரே முகவரியை நிலையாக ஒதுக்கி, செயலியிலும் அந்த எண்ணையே கொடுத்துவிடுங்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும், கைப்பேசிக்குப் பதில் சொல்லாது. வீடியோ பார்க்கும் நேரத்தில் அது சார்ஜரில் விழித்திருக்கும்படி பவர் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.