கர்ப்ப காலத்தில் எடையைக் கவனிக்க ஆப் உதவுமா?

உதவும். உயரத்தையும் கர்ப்பத்துக்கு முந்திய எடையையும் வைத்து ஆப் உடல் நிறைச் சுட்டெண்ணைக் கணக்கிடும். அது 18.5 முதல் 24.9 வரை என்றால், ஒரு பிள்ளை சுமப்பவருக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ கூடுவது நல்லது. மெலிந்தவர்களுக்கு அதிகம், பருத்தவர்களுக்குக் குறைவு. பிள்ளையோடு நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், கூடும் இரத்தம் எல்லாம் இதில் அடக்கம்.

ஆப்பில் உள்ள எடைப் பதிவு வங்கிப் பாஸ் புத்தகம் மாதிரித்தான்: ஒரு நாள் வரவைப் பார்த்துப் பதறாமல், பக்கங்களைப் புரட்டிப் போக்கைப் பாருங்கள். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே தராசில் நிறுத்தால் போதும். வெள்ளவத்தைக் கடைக் கொத்து ரொட்டிக்கும் வீட்டுச் சொதிக்கும் ஆப் காட்டும் கலோரியை அப்படியே நம்ப வேண்டாம். கிளினிக் போகும்போது வரைபடத்தை மிட்வைஃபிடம் காட்டுங்கள்.

‘இரண்டு பேருக்குச் சாப்பிட வேணும்’ என்பார்கள். ஆனால் முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி பெரும்பாலும் தேவையில்லை, அப்புறம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 340, கடைசி மூன்று மாதம் 450 அளவுதான்.