இணையத் தணிக்கை நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது? கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தடையைச் சுற்றிப் போக எந்த விபிஎன் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்குப் பதில் சொல்ல வேறு ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கவிதா, கோவை: இணையச் சுதந்திர வரைபடம் ஒன்றில் இந்தியாவுக்கு மஞ்சள், சீனாவுக்கு ஊதா அடித்திருந்தார்கள். இந்த நிறத்தை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நீங்கள் பார்த்தது ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பின் வரைபடமாக இருக்கும். மொத்தம் 100 மதிப்பெண். இணையம் மக்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறதா என்பதற்கு 25, எதையெல்லாம் தடுக்கிறார்கள், நீக்குகிறார்கள் என்பதற்கு 35, கைது, கண்காணிப்பு போன்ற பயனர் உரிமை விஷயங்களுக்கு 40. எழுபதும் அதற்கு மேலும் சுதந்திரம், 40 முதல் 69 வரை ஓரளவு சுதந்திரம், அதற்குக் கீழே சுதந்திரம் இல்லை. 2024 அறிக்கையில் இந்தியா 50. சீனாவும் மியான்மரும் ஆளுக்கு 9.

தளங்களை மூடுவதற்கு இதில் தனி எடை அதிகம் இல்லை. ஒரு தளத்தையும் மூடாமல், எழுதுகிறவர்களை மட்டும் உள்ளே தள்ளும் அரசுக்கும் மதிப்பெண் குறையும். வட கொரியா இந்தப் பட்டியலிலேயே கிடையாது. அங்கே பெரும்பாலான மக்களுக்கு உள்நாட்டு வலையைத் தாண்டி எதுவும் இல்லை. இன்னொன்று, பழைய அறிக்கைகளில் இந்த அளவுகோல் தலைகீழ், எண் கூடினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். இது தெரியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுகிறார்கள்.

இர்ஃபான், துபாய்: இங்கே தடைசெய்த தளத்தைத் திறந்தால் 'தடை' என்று ஒரு பக்கமே வரும். ஊருக்கு வந்தால் சில நேரம் வெறும் 'தளத்தை அடைய முடியவில்லை' என்றுதான் வருகிறது. இதுவும் வகைப்பாட்டில் வருமா?

வரும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வகைப்பாடு. 2000களில் ஓப்பன்நெட் இனிஷியேட்டிவ் என்ற கூட்டு ஆய்வு நடந்தது. டொரண்டோ, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் அதில் இருந்தன. அவர்கள் தணிக்கையை அரசியல், சமூகம், போர் மற்றும் பாதுகாப்பு, இணையக் கருவிகள் என்று நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் பரவலானது, கணிசமானது, தேர்ந்தெடுத்தது, சந்தேகத்துக்குரியது, ஆதாரம் இல்லை என்று தரம் பிரித்தார்கள். அதோடு நிற்காமல் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டார்கள். தடுத்ததை வெளியே சொல்கிறார்களா? எல்லா இணையச் சேவை நிறுவனமும் ஒரே மாதிரி தடுக்கிறதா?

சவுதி அரேபியா நிறையத் தடுத்தது, ஆனால் தடுத்தேன் என்று பக்கம் காட்டியது. சர்வாதிகாரி பென் அலி காலத்துத் துனிசியா '404, பக்கம் இல்லை' என்ற போலிப் பிழையைக் காட்டியது. துனிசியர்கள் அந்தத் தணிக்கையாளருக்கு 'அம்மார் 404' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் தடை ஆணைகளுக்கு, 2009 விதிகளின் 16ஆம் விதி ரகசியம் காக்கச் சொல்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய உதவிய 66ஏவை ரத்து செய்தது, 69ஏவைத் தொடவில்லை. ஆணை ரகசியம், நிறைவேற்றுவது ஒவ்வொரு நிறுவனத்தின் பாடு. அதனால்தான் ஒரு சிம்மில் திறப்பது இன்னொன்றில் திறப்பதில்லை. தடுப்பது குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஏன் தடுத்தாய் என்று கேட்கவே வழியில்லை என்றால், அதைக் குறைந்த தணிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரகாஷ், சென்னை: சீனா, ரஷ்யா இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். அது சரியா சார்?

சரியில்லை. சீனா ஆரம்பத்திலிருந்தே தன் வலையைச் சில வெளிவாயில்கள் வழியாக மட்டும் உலகத்தோடு இணைத்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு, தள முகவரி கேட்டால் பொய்யான பதில் கொடுப்பது, இணைப்பை நடுவில் அறுப்பது எல்லாம் நடக்கிறது. ஃபேஸ்புக் 2009இல் போனது. விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளும் 2019இல் போயின. ஆனால் பெரிய வேலை உள்நாட்டுச் சமூக ஊடக நிறுவனங்களுடையது. பயனர் எழுதியதற்கு நிறுவனம் பொறுப்பு, உரிமம் போய்விடும் என்ற பயத்தில் அதுவே நீக்கிவிடும். ஹார்வர்டு பேராசிரியர் கேரி கிங்கின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது சுவாரசியமானது: அரசைத் திட்டும் பதிவுகள் ஓரளவு தப்பின, ஆட்களை ஒன்றுதிரட்டக்கூடிய பதிவுகள்தான் வேகமாக அழிக்கப்பட்டன.

ரஷ்யாவின் வலை சுதந்திரமாக வளர்ந்தது, பூட்டு பின்னால் வந்தது. 2012இல் தடைப்பட்டியல். 2018இல் டெலிகிராமை மூடப் போய், அமேசான், கூகுள் முகவரிகளில் ஒரு கோடிக்கும் மேல் அடைத்தார்கள். சம்பந்தமில்லாத கடைகளும் சேவைகளும் படுத்தன, டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது! 2020இல் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே, 2019 சட்டத்தின்படி, இணையச் சேவை நிறுவனங்களுக்குள்ளேயே அரசின் வடிகட்டும் பெட்டிகளை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். 2021 மார்ச்சில் அவற்றை வைத்து ட்விட்டரின் வேகத்தைக் குறைத்தார்கள். ட்விட்டரின் குறுமுகவரி 't.co'. அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் வேகத்தைக் குறை என்று விதி. 'microsoft.com' முகவரியிலும் அதே எழுத்துகள் தொடர்ந்து வருவதால் அதுவும் சேர்ந்து நொண்டியது.

அவசர வேலையில் வந்த பிழைதான். 2022இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை மூடியபோது அப்படித் தடுமாறவில்லை.

முத்துலட்சுமி, தூத்துக்குடி: மொத்த இணையத்தையும் நிறுத்துவது தணிக்கையா, சட்டம் ஒழுங்கா?

2018 மே ஸ்டெர்லைட் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரியில் நிறுத்தியதை வைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அரசு சொல்லும் காரணம் சட்டம் ஒழுங்கு. வகைப்படுத்துபவர்கள் அதைத் தணிக்கைக் கணக்கில்தான் வைக்கிறார்கள். வதந்தியோடு சேர்த்து, என்ன நடந்தது என்ற சாட்சியும் நின்றுபோகிறதே. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டித்தது, 4ஜி முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். இணைய நிறுத்தங்களை எண்ணும் ஆக்சஸ் நவ் அமைப்பின் கணக்கில் இந்தியா பல ஆண்டுகள் முதலிடம். 2024இல்தான் மியான்மர் முந்தியது: மியான்மர் 85 முறை, இந்தியா 84 முறை.

ரகு, மதுரை: நீதிமன்றம் தடுத்தாலும் தணிக்கையா?

அளவோடு தடுத்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. 2017இல் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஆணையில் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள். அதில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மாபெரும் மின்னூலகமும் சிக்கியது. நேர்மாறாக, 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் தளம் முழுவதும் முடங்கியபோது, சித்திரத்தை நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்று மார்ச்சில் இடைக்கால உத்தரவு போட்டதும் அதே நீதிமன்றம்தான்.

தர்ஷன், யாழ்ப்பாணம்: அண்ணா, இலங்கையை எந்த வகையில் சேர்ப்பீங்கள்?

காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது தம்பி. 2007இல் தமிழ்நெட் செய்தித் தளத்துக்குத் தடை, அது நேரடி அரசியல் தடுப்பு. 2018 கண்டி வன்முறை, 2019 ஈஸ்டர் தாக்குதல், 2022 ஏப்ரல் போராட்டம் ஆகியவற்றின்போது சமூக ஊடகங்களைக் கொஞ்ச காலம் மூடினார்கள். 2024இல் தனி ஆணைக்குழு அமைக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தளத்தை மூடுவதிலிருந்து எழுதுபவரைப் பிடிப்பதற்கு நகர்ந்திருக்கிறது.

ஜெனிஃபர், லண்டன்: ஐரோப்பாவில் இதெல்லாம் இல்லைதானே?

இருக்கிறது. 2008 டிசம்பரில் உங்கள் நாட்டில் சிறுவர் பாலியல் படங்களைப் பட்டியலிடும் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் ஓர் இசை ஆல்பத்தின் அட்டைப் படத்தைக் கறுப்புப் பட்டியலில் போட, பிரிட்டனில் பலருக்கு விக்கிப்பீடியாவைத் திருத்தவே முடியாமல் போனது. சில நாளில் விலக்கிக்கொண்டார்கள். வெளியே தெரிந்தது, சண்டை போட்டார்கள், மாறியது. துனிசியாவுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

சதீஷ், திருச்சி: என் இணைப்பில் ஒரு தளம் தடுக்கப்பட்டதா, பழுதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. உங்கள் இணைப்பில் வரும் பதிலையும் வெளியிலிருந்து வரும் பதிலையும் ஒப்பிட்டுக் காட்டும். முடிவுகள் பொதுவில் பதிவாகும், உங்கள் நிறுவனத்தின் பெயரோடு. அப்படிப் பதிவாக வேண்டாம் என்றால் செயலியின் செட்டிங்ஸில் முதலில் நிறுத்திவிடுங்கள். கண்காணிப்பு கடுமையான நாட்டில் இருப்பவர்கள் யோசித்துவிட்டு ஓட்டுங்கள், சோதனை செய்தது நீங்கள்தான் என்று நிறுவனத்துக்குத் தெரியும். முடிந்தால் வேறொரு நிறுவனத்தின் சிம்மிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.