ஃபோமை அமுக்கிப் பார்ப்பதற்கு ஒரு வேலையா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன், கூட்டாளிகள் எல்லாம் கோடிங் பக்கம் போக, தான் மட்டும் ‘ஃபோம் சிமுலேஷன்’ என்று நிற்கிறானாம். இதில் சோறு கிடைக்குமா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

கிடைக்கும் அம்மா. கார் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பாலியூரித்தேன் ஃபோம் எவ்வளவு அமுங்கும் என்பதை, அச்சு வெட்டுவதற்கு முன்பே கணினியில் பார்த்துவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றியே இந்த வேலை உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறையலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மென்பொருளில் பட்டன் தட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஃபோம் இரும்பு மாதிரி நேர்கோட்டில் போகாது. முதலில் கொஞ்சம் எதிர்க்கும். பிறகு உள்ளிருக்கும் நுண்ணறைகளின் சுவர்கள் மடங்க, விசை அதிகம் கூடாமலே நிறைய இறங்கும். சுவர்கள் ஒன்றையொன்று தொட்டதும் சட்டென்று இறுகும். ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். இந்தப் பிதுக்கத்தை அளக்கும் பாய்ஸான் விகிதம் அதற்கு 0.5-ஐ ஒட்டியது. சீட் ஃபோமை அமுக்கும்போது அது கிட்டத்தட்ட 0. ரப்பருக்கான மூனி-ரிவ்லின் என்ற கணித மாதிரியை இதற்குப் போட்டால் வண்ணப்படம் அழகாக வரும், விடை தப்பாக இருக்கும். அபாகஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் இதற்கென்றே ‘ஹைப்பர்ஃபோம்’ மாதிரி இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் வகையோ நசுங்கினால் திரும்பாது. அதற்கு இதுவும் ஆகாது. நேர்காணலில் தோண்டுவது இந்த இடத்தைத்தான்.

அதனால் சான்றிதழ் கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். திட இயக்கவியல், பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை இரண்டுக்கும் ஐ.ஐ.டி.களின் இணையத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் பாடங்கள் இலவசம். கால்குலிக்ஸ் மென்பொருளும் இலவசம், ஹைப்பர்ஃபோம் அதிலும் உண்டு. மெத்தைக் கடையில் 10 செ.மீ. கனசதுரமாக ஒரு துண்டு வெட்டி வாங்கச் சொல்லுங்கள். கல்லூரி லேபில் இரும்பை இழுக்கும் பெரிய சோதனை இயந்திரம் (யு.டி.எம்.) வேண்டாம், இவ்வளவு சின்ன விசை அதில் தெரியாது. மேலே ஒரு பலகை, அதன்மேல் கிலோ கிலோவாக எடைக்கல், பக்கத்தில் ஸ்கேல். ஒவ்வொரு எடைக்கும் ஒரே அளவு நேரம் விட்டு அளக்க வேண்டும், ஃபோம் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு அதையே கணினியில் செய்து ஒப்பிடட்டும். கோடிங்கும் வீணாகாது, அபாகஸை ஓட்டும் ஸ்கிரிப்டுகள் பைத்தானில்தான்.

அளந்து வரைந்த கோடும் கணினி வரைந்த கோடும் ஒட்டாமல் போய், ஏன் என்று அவன் ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டால், எம்.டெக்.குக்கு கேட் நுழைவுத் தேர்வு எழுத வையுங்கள். சலித்துப் போனால், தாராளமாக ஐ.டி. பக்கம் போகட்டும்.