சிங்கர் தையல் மெஷினும் தவணை முறையும்: ஐசக் சிங்கரின் தொழிலும் குடும்பமும் எப்படி இருந்தன?

தவணை முறை என்றால், பொருளை இன்றே வீட்டுக்குக் கொண்டுபோய், விலையை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது. கட்டி முடிக்கும்வரை அது கம்பெனியின் சொத்து. வீட்டு வாடகை கட்டிக்கொண்டே வந்து, ஒருநாள் அந்த வீடே நம்முடையதாகிவிட்டால் எப்படியிருக்கும், அப்படி.

1850களில் அமெரிக்காவில் ஒரு தையல் மெஷின் 100 டாலருக்கும் மேல். சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 500 டாலர்தான். ஆசை இருந்தும் மொத்தப் பணம் புரளாது. அதனால்தான் 1856 வாக்கில் சிங்கர் கம்பெனியில் 5 டாலர் முன்பணத்துக்கே மெஷினைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த யோசனை சிங்கருடையது அல்ல, அவருடைய கூட்டாளியான வக்கீல் எட்வர்ட் கிளார்க்குடையது. கம்பெனி நிலைத்ததில் பாதிப் பெருமை கிளார்க்குக்குச் சேர வேண்டும் என்பேன்.

சிங்கரோ முன்னாள் நாடக நடிகர். ஒரே காலத்தில் பல குடும்பங்கள், 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1860இல் நியூயார்க் தெருவில் அவர் வேறொரு பெண்ணுடன் குதிரை வண்டியில் போவதை, பல வருடம் மனைவியாகவே வாழ்ந்த மேரி ஆன் தன் வண்டியிலிருந்து பார்த்துவிட்டார். பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கத்தித் தீர்த்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், அவருடைய வேதனை புரிகிறது. விஷயம் கோர்ட் வரை போக, சிங்கர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். கிளார்க்கும் சலித்துப்போனார், 1863இல் கூட்டு கலைந்து, பங்குக் கம்பெனியானது. சிங்கர் 1875இல் இங்கிலாந்தில் இறந்தார்.

அப்புறம், தையல் மெஷினையே கண்டுபிடித்தவர் சிங்கர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சிங்கர் தையல் மெஷினை மேம்படுத்தினார், ஹோவுக்கு உரிமைத்தொகையும் கட்டினார்.