கார் இசியூ மாற்ற 3,800 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஒன்பது வருடக் கார், எஞ்சின் விளக்கு எரிகிறது, சில நேரம் சிக்னலில் நிற்கும்போது தானாக அணைந்துவிடுகிறது, இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது என்று பட்டறையில் சொல்கிறார்கள், மாற்ற 3,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஏன், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில் போர்மேனிடம் ஒன்று கேளுங்கள்: “பாஸ், இசியூதான் போச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?” மீட்டர் வைத்து எதை அளந்தேன், எவ்வளவு காட்டியது என்று பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். “மிஷின்ல காட்டுச்சு” என்று மட்டும் சொன்னால் காரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூல் பக்கம் கார் வயர்மேன் வேலை பார்க்கிறேன். இசியூ போச்சு என்று வேறு இடங்களில் சொல்லி அனுப்பிய கார்கள் எங்கள் கடைக்கு நிறைய வரும். பெரும்பாலானவை அதே இசியூவோடுதான் திரும்பிப் போகின்றன.

அந்த மிஷின், அதாவது ஸ்கேனர், காட்டுவது கெட்டுப்போன பொருளின் பெயரை அல்ல, எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதைத்தான். பி 0135 என்று ஒரு கோட் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சென்சார் போயிருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். (அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், அதுவும் கீழே சாப்பாட்டுக் கடை இருந்தால், இது ரொம்ப சகஜம்.) ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும் அதே கோட்தான் வரும். கோட்டைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுகிறவர் குருட்டாம்போக்கில் உங்கள் காசை வைத்து விளையாடுகிறார்.

உங்களுடையதைப் போலவே போன வருடம் ஒரு ஜப்பான் செடான் வந்தது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் மாற்றியாகிவிட்டது, எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் திராட்டல் பாடியும் மாற்றியாகிவிட்டது, கடைசியில் இசியூவில் வந்து நின்றிருக்கிறார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பி, எஞ்சின் பிளாக்கில் இன்னொன்று. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அந்த நேரத்தில் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு) நன்றாக இருக்கிறது என்று கணக்கு. இது 0.9 காட்டியது. பேட்டரித் தட்டைக் கழற்றினால், அடியில் இருந்த எர்த் போல்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு. பழைய பேட்டரியிலிருந்து ஆசிட் கசிந்து வயரின் செம்புக்குள்ளேயே ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து, வயரில் ஒரு முழம் மாற்றினோம். எர்த் சரியில்லாவிட்டால் சென்சார் அனுப்பும் சிறிய வோல்ட்டேஜ் எல்லாம் தப்பாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தப்பான கணக்கை வைத்து இசியூ தடுமாறுகிறது, அவ்வளவுதான். பில் 180 வெள்ளி. கார்காரருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், முன்னால் செலவு செய்ததை நினைத்து வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

சரி, பொருள் உண்மையிலேயே கெட்டுப்போனால் ஏன் இவ்வளவு விலை? 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கு கார்புரேட்டர்தான், கம்ப்யூட்டர் கிடையாது. எது கெட்டாலும் கழற்றி, கழுவி, மாட்டிவிடலாம். 1986இல் போஷ் நிறுவனம் கேன் பஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டே வயரில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதற்கப்புறம் கதவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீரிங்குக்கு ஒன்று என்று பெட்டிகள் பெருகிவிட்டன. பெரிய சொகுசுக் கார்களில் நூறு வரைக்கும் இருக்கும். இந்தப் பெட்டிகளை ஈரமும் அதிர்வும் தாக்காமல் இருக்க உள்ளே ஜெல் ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். காருக்கு நல்லது, பழுது பார்ப்பவனுக்குத் தலைவலி. உள்ளே ஒரு சாலிடர் விரிசல் விட்டாலும் முழுப் பெட்டியையும் மாற்று என்றுதான் ஏஜென்சியில் சொல்வார்கள். எல்இடி ஹெட்லேம்ப்பும் பல கார்களில் அப்படித்தான். உள்ளே ஒரு சின்ன பல்பு போனால் முழு விளக்கையும் வாங்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

புதுப் பெட்டி வாங்கி மாட்டினாலும் கார் உடனே ஓடாது. சாவியில் இருக்கும் சிப்பும் இசியூவும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும், அதற்குத் தனியாக புரோகிராம் செய்ய வேண்டும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. உங்களிடம் கேட்ட 3,800இல் பொருள் எவ்வளவு, புரோகிராம் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு, நம் ஆட்களுக்கு அதைச் சொன்னால் கோபம் வரும். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்க நாம் தயாராக இல்லை. இரண்டு மணி நேரம் வயர் வயராகத் தேடி, “எர்த் போல்ட் லூஸ், 150 வெள்ளி” என்றால், “என்னண்ணே, ஒரு போல்ட் முடுக்கினதுக்கா?” என்று சண்டைக்கு வருவார்கள். அதே ஆள் 900 வெள்ளிக்கு ஒரு பொருளை மாற்றிப் பெட்டியைக் கையில் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் கட்டிவிட்டுப் போவார். பட்டறைக்காரரும் பிழைக்க வேண்டுமே. பார்க்கிற கூலி கிடைக்காது என்று தெரிந்தபின் அவர் பொருளின் மேல்தான் லாபம் வைப்பார். அதனால் போகும்போதே, “பார்த்துச் சொல்ல எவ்வளவு? பொருள் மாற்றாவிட்டாலும் கொடுக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வயர்மேனாக இருந்தால் அப்போதுதான் நிதானமாகத் தேடுவார்.

இசியூ நிஜமாகவே சாவதும் உண்டு. அநேகமாக மூன்று விதம்: தண்ணீர் புகுந்தது, இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபளைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தது, அல்லது வேறொரு பொருள் ஷார்ட் ஆகி இதையும் சேர்த்துக் கொன்றது. மூன்றாவதுதான் கையைக் கடிக்கும். ஷார்ட் ஆன காயிலை அப்படியே விட்டுவிட்டுப் புது இசியூ மாட்டினால் அதுவும் போய்விடும்.

தண்ணீர் உடனே கொல்லாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் கார்கள் மூழ்கினவே, அந்த மாதிரிக் கார்களைக் காயவைத்து ஸ்டார்ட் செய்தால் ஓடும். ஆனால் கனெக்டருக்குள் புகுந்த ஈரம் வயர் வழியாக ஏறி, மாதக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். சொந்தக் கார் என்றால் காப்புறுதியில் வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா பாருங்கள், சாதாரண முழுக் காப்புறுதியில் அது தானாக வராது.  

உங்கள் இசியூ உண்மையிலேயே போயிருந்தாலும் புதிதுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. இசியூவைத் திறந்து கப்பாசிட்டர், டிரைவர் சிப் போன்ற உள்பாகங்களை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வழி அதுதான், சாவி புரோகிராம் தொல்லை பெரும்பாலும் இருக்காது. அடுத்தது கிள்ளான் பக்கம் ஹாஃப்கட் கடை, அதாவது வெளிநாட்டிலிருந்து வெட்டி இறக்கிய பழைய கார்களின் பொருள்களை விற்கும் கடை. பழைய பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போனால் வாங்குங்கள், பழைய பெட்டியில் உள்ள டேட்டாவை அதில் ஏற்றித் தர ஆள் இருக்கிறாரா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். ஏர்பேக்கையும் பிரேக்குக்கான ஏபிஎஸ் பெட்டியையும் மட்டும் ஹாஃப்கட்டில் வாங்காதீர்கள், காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். சில புதிய கார்களில் சார்ஜிங்கையே கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும், உங்கள் ஒன்பது வருடக் காருக்கு இந்தக் கணக்கு போதும். அப்புறம் எர்த், அப்புறம் ஃபியூஸ், அப்புறம் கனெக்டர், இசியூ கடைசியில்.

ஒருவேளை ஏற்கெனவே பணம் கட்டி மாற்றியும் கார் அதே மாதிரி அணைந்தால், முதலில் அவர்களிடமே திரும்பப் போங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதற்கு பில் வேண்டும், கழற்றிய பழைய பெட்டியும் கையில் இருந்தால் நல்லது. ஆகவே இசியூவை மாற்றுவதாகவே முடிவு செய்தாலும், பழையதைத் திருப்பித் தரச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.